ஜிஓஜி ஆஃப்லைன் இன்ஸ்டாலர்: எதற்குக் காசு கொடுக்கிறோம், எது கையில் நிற்கிறது

வாங்கிய பிசி கேமை முழுசாக இறக்கி ஹார்ட் டிஸ்கில் போட்டு வைத்து, எத்தனை வருஷம் கழித்து வேண்டுமானாலும் கடையைக் கேட்காமல் இன்ஸ்டால் செய்துகொள்ள விடுகிற பெரிய கடை ஜிஓஜி ஒன்றுதான். இட்ச் மாதிரியான சிறு கடைகளின் கணக்கு வேறு. ஜிஓஜி இன்ஸ்டாலர் லாகின் கேட்காது, சீரியல் கீ கேட்காது, இன்டர்நெட் இணைப்பே இல்லாத கணினியிலும் ஓடும். இங்கே அலசப்போவது அந்த ஆஃப்லைன் இன்ஸ்டாலரைத்தான். கேலக்ஸி என்ற அவர்களுடைய ஆப்பும், அடிக்கடி வரும் தள்ளுபடியும் இரண்டாம்பட்சம். ஃபைலை இறக்கி வைக்காதவருக்கு ஜிஓஜியும் மற்ற கடைகளும் கிட்டத்தட்ட ஒன்றே.

கையில் நிற்காத கேமுக்கு ஓர் உதாரணம்: யூபிசாஃப்ட்டின் 'தி க்ரூ', 2014இல் வந்த கார் பந்தய கேம். தனியாக ஓட்டுவதற்கும் சர்வர் இணைப்பு வேண்டும் என்கிற மாதிரி கட்டியிருந்தார்கள். 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தியதும் டிஸ்க் வாங்கியவருக்கும் டவுன்லோடு வாங்கியவருக்கும் ஒரே கதிதான். வாங்கியவர்களின் கணக்கிலிருந்து லைசென்ஸையும், அதாவது கேமை ஆடும் அனுமதியையும், எடுத்துவிட்டார்கள். ராஸ் ஸ்காட் ஆரம்பித்த 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம் அதையொட்டிக் கிளம்பியது. ஐரோப்பிய யூனியனில் அதற்கான மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. கலிஃபோர்னியாவின் ஏபி 2426 சட்டம் 2025 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது: விற்பது வெறும் லைசென்ஸ் என்றால் அதைக் காசு வாங்கும் முன்பே தெளிவாகச் சொல்லியாக வேண்டும். இன்னொரு பெரிய கேம் கடையான ஸ்டீம் 2024 அக்டோபரிலேயே தன் கார்ட் பக்கத்தில் அப்படி ஒரு வரியைச் சேர்த்துவிட்டது. நிரந்தரமாக இறக்கி ஆஃப்லைனில் வைத்துக்கொள்ளக்கூடிய சரக்குக்கு அந்தச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. ஜிஓஜியின் வியாபாரம் முழுவதும் அந்த விலக்குக்குள் அடங்கும் வகைதான்.

இந்தக் கடைக்குப் பின்னால் இருந்தவர்கள் திருட்டுப் பிரதிகளோடு நேருக்கு நேர் போட்டி போட்டு வளர்ந்தவர்கள். மார்சின் இவின்ஸ்கியும் மிஹாவ் கிச்சின்ஸ்கியும் 1994இல் வார்சாவில் சிடி ப்ராஜெக்ட்டைத் தொடங்கியபோது, போலந்தில் சந்தைக் கடைகளில் காப்பி சிடி தாராளமாகக் கிடைத்தது. 1999இல் 'பால்டர்ஸ் கேட்' கேமைப் போலிஷ் மொழியில் குரல் கொடுத்து, பெட்டிக்குள் வரைபடம், புத்தகம் என்று நிறைய வைத்து விற்றார்கள். காப்பிக்காரனால் கொடுக்க முடியாததைக் கொடுத்தால் மக்கள் காசு கொடுப்பார்கள் என்பது அங்கே நிரூபணமானது. 2008இல் அவர்கள் தொடங்கிய ஜிஓஜி அதே கணக்கில்தான் பிறந்தது. 2011இல் அவர்களுடைய சொந்தக் கேமான 'விட்சர் 2' வந்தபோது கடையில் விற்ற டிஸ்க்கில் காப்பி எடுப்பதைத் தடுக்கும் செக்யூரோம் பூட்டு இருந்தது; ஜிஓஜி பிரதியில் எதுவும் இல்லை. பூட்டு போட்ட பிரதியும் உடைபட்டுப் பரவத்தான் செய்தது. கொஞ்ச நாளிலேயே ஒரு பேட்ச் போட்டுப் பூட்டைக் கழற்றிவிட்டார்கள்.

இனி இன்ஸ்டாலருக்கு வருவோம்.

வெப்சைட்டில் லாகின் செய்து, உங்கள் கேம்கள் இருக்கும் பக்கத்துக்குப் போய், ஒரு கேமின் படத்தை அழுத்தினால் டவுன்லோடு பெட்டி திறக்கும். பெரும்பாலானோர் தவறுவது இந்த இடத்தில்தான். மேலே பளிச்சென்று இருக்கும் பட்டன் கேலக்ஸி வழியாக இன்ஸ்டால் செய்வதற்கு. அதை அழுத்தினால் வருவது சின்ன ஃபைல். அது இன்டர்நெட்டிலிருந்து கேலக்ஸியை இறக்கி, கேலக்ஸி கேமை இறக்கும். அதை பேக்கப் என்று நினைத்து எடுத்து வைப்பதில் பலன் ஒன்றுமில்லை. அதற்குக் கீழே அடக்கமாக 'ஆஃப்லைன் பேக்கப் கேம் இன்ஸ்டாலர்ஸ்' என்று ஒரு பகுதி இருக்கும். வேண்டியது அது. அதற்கு மேலேயே ஆப்பரேட்டிங் சிஸ்டத்தையும் மொழியையும் தேர்வு செய்யும் இடம் இருக்கிறது. விண்டோஸ் என்று விட்டுவிட்டால் லினக்ஸ், மேக் ஃபைல்கள் கண்ணிலேயே படாது. டிஎல்சி (கேமோடு சேரும் கூடுதல் பகுதி) இருந்தால் அதற்குத் தனி இன்ஸ்டாலர், அதையும் மறக்காமல் எடுக்க வேண்டும். கூடுதல் பொருட்கள் என்ற பகுதியில் இசை, வால்பேப்பர், கையேடு எல்லாம் இருக்கும். பழைய கேம்களுக்குக் கையேடு பிடிஎஃப் கட்டாயம் தேவை. 80கள், 90களில் கையேட்டின் இன்ன பக்கத்தில் இன்ன வார்த்தை என்ன என்று கேட்டுத்தான் பல கேம்கள் உள்ளே விட்டன.

விண்டோஸ் இன்ஸ்டாலர், இன்னோ செட்டப் என்ற இன்ஸ்டாலர் செய்யும் கருவியில் கட்டியது. சின்ன கேம் என்றால் ஒரே இஎக்ஸ்இ ஃபைல். பெரிய கேம் என்றால் ஒரு சின்ன இஎக்ஸ்இ, கூடவே 1, 2, 3 என்று எண் போட்ட, .bin என்று முடியும் 'பின்' ஃபைல்கள், ஒவ்வொன்றும் 4 ஜிபி அளவு வரை. எல்லாம் ஒரே ஃபோல்டரில், பெயர் மாற்றாமல் இருக்க வேண்டும். இரண்டாவது பின் ஃபைல் விடுபட்டால் இன்ஸ்டாலர் பாதியில் நின்று அடுத்த டிஸ்க்கைப் போடச் சொல்லும். டிஸ்க் எதுவும் வாங்காத கேமுக்கு இந்தச் செய்தியைப் பார்த்துக் குழம்பிப் போகிறவர்கள் நிறைய. பிரவுசர் ஒரே பெயரில் இரண்டு தடவை இறக்கி, பெயருக்குப் பின்னால் 1 என்று ஒட்டிவிட்டாலும் இதே பிரச்சினைதான். அந்த ஒட்டை எடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

பிரவுசரில் பெரிய கேமை இறக்குவது நம்பகமானதல்ல என்றே சொல்ல வேண்டும். இணைப்பு நடுவில் அறுந்தால் ஃபைல் முழுசு போலவே தெரியும், உள்ளே சிதைந்திருக்கும். அது இன்ஸ்டால் 80 சதவீதம் தாண்டும்போதுதான் வெளியே வரும். கேலக்ஸி ஆப்பில் கேம் பக்கத்தின் கூடுதல் பொருட்கள் பகுதிக்குள்ளேயே ஆஃப்லைன் இன்ஸ்டாலரை இறக்கும் வழி இருக்கிறது, அது அறுந்த இடத்திலிருந்து தொடரும். லினக்ஸில் எல்ஜிஓஜி-டவுன்லோடர் என்ற கமாண்ட் லைன் கருவி இன்னும் மேல்: மொத்த நூலகத்தையும் இறக்கும், சர்வரில் இருக்கும் எம்டி5 கணக்கோடு (ஃபைல் சிதையவில்லை என்று காட்டும் எண்) ஒப்பிட்டுப் பார்க்கும், புது வெர்ஷன் வந்ததை மட்டும் மறுபடி இறக்கும். நூறு, இருநூறு கேம் சேர்த்து வைத்திருப்பவர் கையால் ஒவ்வொன்றாக அழுத்துவதை விட்டுவிட்டு இதைப் பழகிக்கொள்ளலாம்.

இறக்கிய பிறகு மூன்று வேலை. முதலில், இஎக்ஸ்இ ஃபைலில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்டீஸ் போய் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் என்ற டேபைப் பாருங்கள். கையெழுத்தில் ஜிஓஜி நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டும். கையெழுத்து செல்லாது என்று வந்தால் அந்த ஃபைல் கெட்டிருக்கிறது அல்லது யாரோ கை வைத்திருக்கிறார்கள். பூட்டு இல்லாததால் ஜிஓஜி இன்ஸ்டாலர்கள் டாரன்ட்டில் தாராளமாகச் சுற்றுகின்றன, அந்தப் பெயரைப் போட்டு வைரஸ் கலந்தவையும் கூடவே சுற்றுகின்றன. அடுத்து, விண்டோஸ் பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹாஷ் கமாண்டை ஓட்டி ஒவ்வொரு ஃபைலின் ஷா-256 ஹாஷ் எண்ணையும் (ஃபைல் கொஞ்சம் மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்) ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் சேமியுங்கள். ஐந்து வருஷம் கழித்து ஹார்ட் டிஸ்க் ஒழுங்காக இருக்கிறதா என்று சொல்லப் போவது அந்த டெக்ஸ்ட் ஃபைல்தான். மூன்றாவது, வைஃபையை அணைத்துவிட்டு, முடிந்தால் வேறொரு கணினியில், இன்ஸ்டால் செய்து முதல் சேவ் வரைக்கும் ஆடிப் பாருங்கள். இதைச் செய்யாத பேக்கப்பை நம்ப முடியாது.

இன்ஸ்டாலரும் இன்ஸ்டால் செய்யும் டிரைவிலேயே இருந்தால் இன்ஸ்டாலர், விரிந்த கேம் இரண்டுக்கும் அங்கே இடம் வேண்டும். 60 ஜிபி இன்ஸ்டாலர் என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு காலி இருந்தால் நிம்மதி. பழைய கேம்களை ப்ரோக்ராம் ஃபைல்ஸுக்குள் போடாதீர்கள். அவை தங்கள் ஃபோல்டருக்குள்ளேயே சேவ் எழுதும் காலத்தில் எழுதப்பட்டவை. விண்டோஸ் அங்கே எழுத விடாது. சேவ் காணாமல் போகும், செட்டிங் ஒவ்வொரு தடவையும் பழையபடி திரும்பும். இன்ஸ்டாலர் தானாகக் காட்டும் 'ஜிஓஜி கேம்ஸ்' ஃபோல்டரை அப்படியே விட்டுவிடுவது நல்லது. சேமித்து வைக்க சாதாரண ஹார்ட் டிஸ்க் இரண்டு, இரண்டு இடத்தில். எஸ்எஸ்டியை மின்சாரம் கொடுக்காமல் வருஷக்கணக்கில் அலமாரியில் வைப்பது சரிப்படாது; அதில் தகவல் மின்னேற்றமாகத்தான் நிற்கிறது, மெல்லக் கசியும்.

டாஸ் காலத்துக் கேம்களில் ஜிஓஜி செய்திருக்கும் வேலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய கேம்களைப் புதுக் கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸையோ ஸ்கம்விஎம்மையோ உள்ளே வைத்து, செட்டிங் எல்லாம் போட்டுத் தருகிறார்கள். கேம் ஃபோல்டருக்குள் டாஸ்பாக்ஸ் என்று தொடங்கும் இரண்டு கான்ஃபிக் ஃபைல்கள் இருக்கும். ஒன்றில் திரை, ஒலி, சைக்கிள்ஸ் (கேம் ஓடும் வேகம்) செட்டிங். 'சிங்கிள்' என்று முடியும் இன்னொன்றில் கேமைத் தொடங்கும் கட்டளைகள். படம் மங்கலாகத் தெரிந்தாலோ வேகம் எகிறினாலோ முதல் ஃபைலை நோட்பேடில் திறந்து திருத்தினால் போதும். சிடியில் வந்த கேம்களில் ஜிஓஜி என்றும் இன்ஸ் என்றும் எக்ஸ்டென்ஷன் போட்ட இரண்டு ஃபைல்களைப் பார்க்கலாம். அவை அசல் சிடியின் முழுப் பிரதியான இமேஜும், அதில் எது எங்கே என்று சொல்லும் கியூ ஷீட்டும்தான், பெயர் மட்டும் மாறியிருக்கிறது. ஆகவே அந்த ஃபோல்டரை எடுத்து லினக்ஸிலோ ராஸ்பெர்ரி பையிலோ இருக்கும் உங்கள் சொந்த டாஸ்பாக்ஸில் ஓட்டலாம். விண்டோஸே இல்லாதவர் இன்னோஎக்ஸ்ட்ராக்ட் கருவியால் இன்ஸ்டாலரை விரித்துக்கொள்ளலாம். கடை இல்லாமல் போனாலும், விண்டோஸ் இல்லாமல் போனாலும் கேம் நிற்கும். உரிமை என்ற சொல்லுக்கு நடைமுறையில் இதைவிட நெருக்கமாக வேறெந்தக் கடையும் வரவில்லை.

பழைய டிஸ்க் வைத்திருப்பவர்கள்தான் இதன் அருமையை உடனே உணர்வார்கள். சேஃப்டிஸ்க் பூட்டு போட்ட டிஸ்க்குகள் விண்டோஸின் ஒரு டிரைவர் ஃபைலை நம்பி ஓடின. அதில் பாதுகாப்பு ஓட்டை இருந்ததால் 2015இல் வந்த விண்டோஸ் 10 அதைச் சேர்க்கவே இல்லை. அதே வருஷம் செப்டம்பரில் விஸ்டா, 7, 8க்கு வந்த அப்டேட் அங்கேயும் அதை முடக்கியது. காசு கொடுத்து வாங்கிய அசல் டிஸ்க் ஓடவில்லை. பூட்டை உடைத்து கிராக் செய்த பிரதி ஓடியது. 2008இல் வந்த 'ஸ்போர்' மூன்று தடவைக்கு மேல் ஆக்டிவேட் செய்ய விடாமல் வாங்கியவர்களைக் கொதிக்க வைத்தது. அதே வருஷம் 'ரெயின்போ சிக்ஸ் வேகாஸ் 2'க்கு யூபிசாஃப்ட் வெளியிட்ட அதிகாரபூர்வ பேட்சுக்குள் ரீலோடட் என்ற கிராக் கும்பலின் ஃபைல் இருந்தது வெளியே வந்தது. இப்போது புழங்கும் பூட்டான டெனுவோ 2014இல் வந்தது. ஒரு நாளைக்கு ஐந்து கணினி என்ற கணக்கு வைத்திருக்கிறது. லினக்ஸில் விண்டோஸ் கேமை ஓட்ட உதவும் புரோட்டானின் வெர்ஷனை மாற்றி மாற்றிப் பார்த்தால் ஒவ்வொன்றையும் புதுக் கணினி என்று எண்ணி வாங்கியவரையே 24 மணி நேரம் வெளியே நிறுத்திவிடும். பூட்டின் சுமை காசு கொடுத்தவர் தலையில்தான் விழுகிறது.

சட்டப் பக்கம் இந்திய வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, முறையாக வைத்திருக்கும் மென்பொருள் தொலைந்து போகாமல் இருக்க பேக்கப் பிரதி எடுப்பதை அனுமதிக்கிறது. 2012இல் சேர்ந்த 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. உடைப்பதற்குப் பூட்டே இல்லாத ஃபைலில் இந்தத் தலைவலி எழவே எழாது.

குறைகளும் சின்னவை அல்ல. 2021 செப்டம்பரில் 'ஹிட்மேன்' கேமை ஜிஓஜி விற்பனைக்கு வைத்தது. தனியாக ஆடினாலும் ஆயுதம், தொடங்கும் இடம் எல்லாம் திறக்க சர்வர் இணைப்பு கேட்டது. வாடிக்கையாளர்கள் கொந்தளித்த பிறகே அக்டோபரில் எடுத்தார்கள். பூட்டு இல்லை என்பதையே பெயராக வைத்துப் பிழைக்கும் கடை, விற்கும் முன் அதைப் பார்த்திருக்க வேண்டும். 2020 டிசம்பரில் தைவானின் 'டிவோஷன்' கேமை விற்கப் போவதாகக் காலையில் அறிவித்து அன்றைக்கே பின்வாங்கியது அதைவிட மோசம். 'சைபர்பங்க் 2077'இல் சில உடை, ஆயுதப் பரிசுகள் ஜிஓஜி கணக்கில் இணைந்தால்தான் கிடைத்தன. பல கேம்களில் மல்டிபிளேயருக்கு கேலக்ஸி வேண்டும். வாங்கும் முன் கேம் பக்கத்தில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கிளவுட் சேவுக்கு 2024இல் கேமுக்கு 200 எம்பி என்று வரம்பு போட்டார்கள், ஆகவே சேவ் ஃபைலையும் நீங்களே எடுத்து வைப்பதுதான் சரி.

அன்றாடம் உறுத்துவது வேறொன்று. கேலக்ஸியில் பேட்ச் வந்த பிறகும் ஆஃப்லைன் இன்ஸ்டாலர் சில கேம்களுக்குப் பின்தங்கி வருகிறது. டவுன்லோடு பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் கடைசி வெர்ஷன் மட்டுமே. மாட் (ரசிகர்கள் செய்த மாற்றங்கள்) போட்டு ஆடுகிறவருக்கு ஒரு குறிப்பிட்ட வெர்ஷன் வேண்டியிருக்கும். புதியதைப் பதிவிறக்கிவிட்டோம் என்று பழைய இன்ஸ்டாலரை அழித்துவிட்டால், பிறகு பழைய வெர்ஷனுக்குத் திரும்ப விடும் கேலக்ஸியின் ரோல்பேக் வசதியில்தான் தேட வேண்டும், அதுவும் எல்லாக் கேமுக்கும் இல்லை. ஃபோல்டர் பெயரில் வெர்ஷன் எண்ணையும் தேதியையும் எழுதி, நன்றாக ஓடும் வெர்ஷனை அழிக்காமல் வையுங்கள்.

புதுக் கேம்கள் எல்லாம் இங்கே வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 'பால்டர்ஸ் கேட் 3' வெளியான நாளிலேயே கிடைத்தது. 'ஸ்கைரிம்' வர 2022 ஆனது, அசல் வெளியீட்டுக்கு 11 வருஷம் கழித்து. டெனுவோ இல்லாமல் விற்க மனமில்லாத நிறுவனங்கள் இந்தப் பக்கமே வருவதில்லை.

விலை டாலரில்தான். ஸ்டீமில் இருப்பது போன்ற ரூபாய் விலை கிடையாது, ஆகவே ஒரே கேம் இங்கே கூடுதலாக இருப்பது சகஜம். வங்கி ஆப்பில் கார்டின் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வைக்க வேண்டும், வங்கி பிடிக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். ரீஃபண்ட் தாராளம்: 2020 பிப்ரவரியிலிருந்து, இறக்கி ஆடியிருந்தாலும் 30 நாளுக்குள் திருப்பித் தரலாம்.

நீங்கள் வாங்குவது இங்கேயும் சட்டப்படி லைசென்ஸ்தான். மறுவிற்பனை செய்ய முடியாது. கடையை மூட நேர்ந்தால் குறைந்தது 60 நாள் முன்னறிவிப்பு தர முயல்வோம் என்று பயனர் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறார்கள். 2025 டிசம்பரில் சிடி ப்ராஜெக்ட் இந்தக் கடையை அதே கிச்சின்ஸ்கிக்கு விற்றுவிட்டது. கொள்கை மாறாது என்கிறார்கள். மாறினாலும் ஏற்கனவே இறக்கிய ஃபைலை எவராலும் திரும்ப வாங்க முடியாது.

கடையிலிருந்து கேம் காணாமல் போவது இங்கேயும் நடக்கும். பழைய 'ஃபால்அவுட்' கேம்கள் 2014 தொடக்கத்தில் உரிமை கைமாறியதால் போய், 2015இல் புது உரிமையாளரான பெதஸ்டா வழியாகத் திரும்பின. 'வார்கிராஃப்ட்' முதல் இரண்டும் 2024 டிசம்பர் 13 அன்று அவற்றைச் செய்த பிலிஸார்டின் முடிவால் விற்பனையிலிருந்து போயின. இரண்டு தடவையும் வாங்கியவர்களின் டவுன்லோடு நிற்கவில்லை. வார்கிராஃப்டை, அதற்கு முந்தைய மாதம் ஜிஓஜி 100 கேம்களோடு தொடங்கிய, பழைய கேம்களைக் காக்கும் திட்டத்தில் சேர்த்து, விற்க முடியாவிட்டாலும் புது விண்டோஸில் ஓட வைப்போம் என்றார்கள். விற்பனை லாபம் இல்லாத கேமுக்கு இப்படி உழைப்பது மெச்ச வேண்டிய காரியம்.

எதை முதலில் இறக்குவது என்றால், உரிமம் காலாவதியாகக்கூடியவற்றை. நிஜ கார் பெயர்களோடு வரும் பந்தய கேம்கள், சினிமாவை வைத்துச் செய்தவை, வெளியே வாங்கிய பாட்டு ஒலிக்கும் கேம்கள். 'ஆல்ஃபா புரோட்டோகால்' பாட்டு உரிமம் முடிந்து 2019இல் ஸ்டீமிலிருந்து போனது; ஜிஓஜி வழியாக அது மறுபடி விற்பனைக்கு வர 2024 ஆனது. இந்த வகைக் கேம்களின் இன்ஸ்டாலரை வாங்கிய அன்றே இறக்கி, ஹாஷ் எடுத்து, இரண்டு டிஸ்கில் போட்டுவிடுங்கள். சிடி ப்ராஜெக்ட்டின் சொந்தக் கேம்கள் எங்கும் போகாது. அந்த 100 ஜிபி டவுன்லோடை மாசக் கடைசியில் மிஞ்சும் டேட்டாவில் பார்த்துக்கொள்ளலாம்.